டுலூத்காரர்களின் ஹாக்கிப் பயணம்

ஹாக்கி என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தியான் சந்த். அடுத்தது 1975-இல் கோலாலம்பூரில் நாம் வென்ற உலகக் கோப்பை. நான் இன்று எழுதப்போவது அந்த ஹாக்கியைப் பற்றி அல்ல. பனிக்கட்டித் தரையில், அடியில் கத்தி பொருத்திய காலணி அணிந்து ஆடும் ஐஸ் ஹாக்கியைப் பற்றி. அதிலும் ஆட்டக்காரர்களைப் பற்றிக் குறைவாகவும், ஆட்டம் பார்க்க ஊர்விட்டு ஊர் போகிற ரசிகர்களைப் பற்றி அதிகமாகவும் எழுதப்போகிறேன்.

புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் கோப்புக் கட்டியே ஓய்வு பெற்றவன் நான். எனக்கு ஐஸ் என்றால் சர்பத்தில் மிதப்பது மட்டும்தான். ஆனால் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறார்கள். 2018 ஏப்ரலில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது செயின்ட் பால் நகரில் கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கான தேசியப் போட்டி நடந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டத்தைப் பார்த்த பிறகு, அந்தப் போட்டியின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், அவர்களில் ஒருவர் கோல் காவலர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வட்டு. ஆங்கிலத்தில் அதற்கு ‘பக்’ என்று பெயர். கனடாவின் கெபெக் மாநிலத்துப் பிரெஞ்சில் ‘ரோந்தெல்’. பிரான்சிலோ ‘பலே’ என்பார்கள். நாம் சபாஷ் போடச் சொல்லும் சொல், அங்கே அடிபடுகிற பொருளின் பெயர்!

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நம் ஊரில் கல்லூரி ஆண்டு விழாவுக்கு நடத்தும் பந்தயம் போன்றதல்ல. ஆயிரக்கணக்கானோர் சீட்டு வாங்கிப் பார்ப்பார்கள். படித்து முடித்து ஐம்பது வருஷம் ஆனவர்களும், அந்தக் கல்லூரி வாசலையே மிதிக்காத உள்ளூர்க்காரர்களும் அதைத் தங்கள் அணி என்றுதான் சொல்வார்கள். என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் போட்டிகளை நடத்துகிறது. ஐஸ் ஹாக்கியில் முதல் பிரிவில் ஆடுபவை அறுபதை ஒட்டிய கல்லூரிகளே. அவற்றில் பதினாறு அணிகளைத் தேர்ந்தெடுத்து, தோற்றவரைக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சும் நான்கு அணிகள் ஏப்ரலில் ஒரே நகரத்தில் கூடும். வியாழக்கிழமை இரண்டு அரையிறுதிகள், சனிக்கிழமை இறுதி ஆட்டம். இதற்கு ‘ஃப்ரோஸன் ஃபோர்’, அதாவது ‘உறைந்த நால்வர்’ என்று பெயர். கூடைப்பந்தில் ‘ஃபைனல் ஃபோர்’ என்று வழங்குவதை வைத்து வேடிக்கையாகச் சொன்னது 1999 முதல் அதிகாரபூர்வப் பெயராகிவிட்டது.

இந்தப் போட்டி ஒரு ஹோட்டலில் பிறந்தது. கொலராடோ மாநிலத்தில் மலையடிவாரத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே பிராட்மூர் என்ற பெரிய ஹோட்டல் 1918 முதல் நடந்து வருகிறது. அந்த ஹோட்டலுக்குச் சொந்தமாக ஒரு பனித்தரை அரங்கமும் இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் விக் ஹெய்லிகர், கல்லூரிகளுக்கு ஒரு தேசியப் போட்டி வேண்டும் என்று மற்றப் பயிற்சியாளர்களைக் கூட்டினார். ஹோட்டலின் நிர்வாகி தேயர் டட், போட்டியை எங்கள் இடத்தில் நடத்துங்கள், அணிகளின் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். 1948-இல் மிச்சிகன், டார்ட்மத், பாஸ்டன் காலேஜ், கொலராடோ காலேஜ் ஆகிய நான்கு அணிகள் அங்கே கூடின. இறுதி ஆட்டத்தில் மிச்சிகன் 8–4 என்று டார்ட்மத்தை வென்றது.

ஹோட்டல்காரர் கணக்கு எளிமையானது. போட்டி நடந்தால் பெயர் வரும், பெயர் வந்தால் விருந்தாளி வருவார். பாஸ்டனிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஏறக்குறைய 3,000 கி.மீ. அந்தக் காலத்தில் மாணவர்களோ ஊர் மக்களோ கூட்டமாகக் கிளம்பி வந்துவிடக்கூடிய தூரமல்ல. அணி போகும், ஊரில் இருப்பவர்கள் மறுநாள் பத்திரிகையில் முடிவைப் படிப்பார்கள். 1957 வரை பத்து வருஷம் தொடர்ந்து அங்கேயேதான் நடந்தது. பிறகு 1958-இல் மினியாபொலிஸ் போனது, அதற்கடுத்து நியூயார்க் மாநிலத்து டிராய், பாஸ்டன், டென்வர் என்று ஊர் ஊராய்ச் சுற்றத் தொடங்கியது. போட்டி சுற்றத் தொடங்கிய பிறகுதான் ரசிகர்களும் அதன் பின்னால் சுற்றத் தொடங்கினார்கள்.

ரசிகர் பயணம் என்று பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. அதனால் ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் டுலூத்.

மினசோட்டாவின் வடக்கே, சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் துறைமுகம் அது. மக்கள் தொகை ஒரு லட்சத்தைத் தொடாது. இரும்புத் தாது ஏற்றிப்போகும் நீண்ட கப்பல்கள் அங்கிருந்து புறப்படும். அங்கே மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் கிளை இருக்கிறது. மற்ற விளையாட்டுகளில் இரண்டாம் பிரிவில் ஆடும் கல்லூரி அது. ஐஸ் ஹாக்கியில் மட்டும் மிச்சிகன், பாஸ்டன் போன்ற பெரிய இடங்களோடு முதல் பிரிவில் மோதுகிறது. தாலுக்கா ஊர்க் கல்லூரி மாநிலத் தலைநகரத்துக் கல்லூரியோடு சரிக்குச் சரி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த ஊர் மேல் ஒரு தனிப் பிடிப்பு வந்ததற்கு அதன் பெயரும் காரணம். 1679-இல் அந்தப் பக்கம் வந்து இறங்கிய தானியேல் கிரெசொலோன், சியேர் தியு லுத் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர்தான் மருவி டுலூத் ஆயிற்று. சுப்பீரியர் என்பதும் ‘லாக் சுபேரியேர்’ என்ற பிரெஞ்சே. உயர்ந்த ஏரி என்று பொருளல்ல, மேலே இருக்கும் ஏரி என்று பொருள். செயின்ட் பால் நகரத்துக்குப் பெயர் வைத்தவர் லூசியேன் கல்தியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1841-இல் புனித பவுல் பெயரில் அவர் எழுப்பிய சிற்றாலயமே காரணம். டெட்ராய்ட் என்பது ‘தெத்ருவா’, நீரிணை. நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தை 1842-இல் நிறுவியவரும் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரே. துமாஸ் தெரு, சுஃப்ரேன் தெரு என்று நடந்து பழகிய நமக்கு, இந்த ஹாக்கி ஊர்களின் வரைபடம் அவ்வளவு அந்நியமல்ல. தோல் வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரர்கள் படகில் போன பாதைகளைச் சுற்றியே இன்று ரசிகர்கள் காரில் போகிறார்கள்.

டுலூத்காரர்கள் இந்தப் போட்டியை முதலில் அறிந்தது விருந்தாளியாகப் போய் அல்ல, விருந்து கொடுத்தவர்களாக. 1968-லும் 1981-லும் போட்டி அவர்கள் ஊரிலேயே நடந்தது. இரண்டு தடவையும் அவர்கள் அணி நால்வரில் இல்லை. வேற்றூர்க்காரர்கள் வந்து ஆடினார்கள், வேற்றூர்க்காரர்கள் கோப்பையைக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் முறை 1984-இல் வந்தது. இடம் நியூயார்க் மாநிலத்து லேக் பிளாசிட். நான்கு வருஷத்துக்கு முன், 1980 குளிர்கால ஒலிம்பிக்கில், கல்லூரி மாணவர்களை வைத்துக்கொண்டு அமெரிக்கா சோவியத் அணியை 4–3 என்று கவிழ்த்த அதே கிராமம். அந்த அணியில் டுலூத் கல்லூரியில் ஆடியவர்கள் இருவர் இருந்தார்கள், மார்க் பாவெலிச், ஜான் ஹாரிங்டன். டுலூத்திலிருந்து லேக் பிளாசிட் நேர்கோட்டில் அளந்தாலே 1,400 கி.மீ.க்கு மேல். சாலை வழி இன்னும் அதிகம்.

இறுதி ஆட்டத்தில் எதிரணி ஒஹையோ மாநிலத்து பௌலிங் கிரீன். மூன்றாம் பகுதியில் டுலூத் 4–2 என்று முன்னணியில் இருந்தது. பிறகு 4–3. இரண்டு நிமிடம்கூட மீதமில்லாத நேரத்தில் எதிரணி தள்ளிவிட்ட வட்டு, சுற்றுச் சுவரில் பட்டு யாரும் எதிர்பாராத பக்கம் துள்ளியது. அதை எடுக்க வலையை விட்டு வெளியே வந்திருந்த டுலூத் காவலர் திரும்புவதற்குள் காலி வலைக்குள் போட்டுவிட்டார்கள். 4–4. அதற்குப் பின் கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் பௌலிங் கிரீன் ஐந்தாவது கோலைப் போட்டது. அறுபது நிமிட ஆட்டம் 97 நிமிடம் 11 விநாடிக்கு நீண்டிருந்தது.

அடுத்த வருஷம், 1985, டெட்ராய்ட். அரையிறுதியில் ஆர்.பி.ஐ. என்ற பொறியியல் கல்லூரியோடு ஆட்டம். மூன்று கூடுதல் நேரம் ஆடி 6–5 என்று மறுபடியும் தோல்வி. அதன் பிறகு டுலூத் அணி நால்வரில் ஒன்றாக வருவதற்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாஸ்டனில் அரையிறுதி. டென்வர் அணிக்கு எதிராக 3–1 என்று முன்னால் இருந்து, 5–3 என்று தோற்றார்கள்.

நடுவில் ஊர்ப் பெருமையைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். பெண்களுக்கான என்.சி.ஏ.ஏ. ஹாக்கிப் போட்டி 2001-இல் தொடங்கியது. முதல் கோப்பையையே டுலூத் பெண்கள் வென்றார்கள். 2002-லும் வென்றார்கள். 2003-இல் இறுதி ஆட்டம் டுலூத் ஊரிலேயே நடந்தது. ஹார்வர்டை இரண்டாம் கூடுதல் நேரத்தில் 4–3 என்று வென்று மூன்றாவது கோப்பையையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தத் தடவை பயணம் போகாமலே கொண்டாடக் கிடைத்தது.

ஆண்களுக்கு 2011-இல் விடிந்தது. இடம் செயின்ட் பால். டுலூத்திலிருந்து தெற்கே நேர் சாலை, சுமார் 240 கி.மீ., காரில் இரண்டரை மணி நேரம். பாதி வழியில் ஹிங்க்லி என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்திக் காப்பியும் இனிப்பு ரொட்டியும் சாப்பிடுவது அந்தச் சாலையில் போகிறவர்களின் வழக்கம். நாம் சென்னை போகும்போது திண்டிவனத்தில் நிறுத்துவதைப் போல. அந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி மிச்சிகன். 2–2, கூடுதல் நேரம். வெற்றி கோலைப் போட்டவர் கைல் ஷ்மிட், டுலூத்துக்குப் பக்கத்து ஊரான ஹெர்மன்டவுன் பையன். 1984-இன் காயத்துக்கு 27 வருஷம் கழித்து மருந்து.

இனி நான் பார்த்த 2018-க்கு வருகிறேன். அதற்கு முன் சீட்டு விற்கும் முறையைச் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால்தான் அந்த ரசிகர்களின் மனம் புரியும்.

ஃப்ரோஸன் ஃபோர் நடக்கும் நகரம் பல வருஷம் முன்பே முடிவாகிவிடும். சீட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே விண்ணப்பிப்பார்கள், குலுக்கல் போட்டுக் கொடுப்பார்கள். மூன்று ஆட்டங்களுக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். யார் ஆடப்போகிறார்கள் என்பது அப்போது கடவுளுக்கே தெரியாது. தன் அணி வரும் என்று நம்பி வாங்குபவர் சிலர். வந்தாலும் வராவிட்டாலும் போவேன் என்று வாங்குபவர் பலர். முப்பது நாற்பது வருஷமாக ஒரு தடவையும் தவறாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அங்கே பலர் சொல்லக் கேட்டேன்.

2018-இல் போட்டி செயின்ட் பாலில் என்பதால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மினியாபொலிஸில் இருக்கும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள் ஆசையோடு வாங்கி வைத்திருந்தார்கள். மாநிலத்தின் பெரிய அணி அதுதான். பதினாறு அணிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் எண் கணக்குப் பார்ப்பார்கள். அணி வென்றது எத்தனை, அது எதிர்த்து ஆடியவர்கள் எவ்வளவு பலசாலிகள் என்பதையெல்லாம் சேர்த்துப் போடும் எண். கடைசி இடத்துக்கு மினசோட்டாவும் டுலூத்தும் நின்றன. டுலூத் உள்ளே போனது, மினசோட்டா வெளியே நின்றது. வித்தியாசம் 0.0001.

வாழ்நாள் முழுதும் சீனியாரிட்டிப் பட்டியல் தட்டச்சு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பேரில் பிறந்த தேதி பார்த்து ஒருவரை மேலே போடுவதே எத்தனை மனக்கசப்பு உண்டாக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த டுலூத், அடுத்தடுத்து வென்று, செயின்ட் பாலுக்கே வந்துவிட்டது.

என் மாப்பிள்ளையோடு வேலை செய்த ஒரு பெரியவர் மினசோட்டாவில் படித்தவர். தனக்கும் மகனுக்கும் என்று இரண்டு சீட்டு வாங்கியிருந்தார். தங்கள் இடத்தைப் பறித்த அணி கோப்பை வாங்குவதைப் பார்க்க வரமாட்டேன் என்று மகன் சொல்லிவிட்டான். இறுதி ஆட்டத்துக்கு அந்த இடம் எனக்குக் கிடைத்தது. இரண்டு நகரங்களையும் இணைக்கும் ரயிலில் போனோம். ஏப்ரல் 7, ஆனாலும் எனக்கு இரண்டு ஸ்வெட்டர் போதவில்லை.

ரயிலிலேயே எனக்கு ஆச்சரியம் தொடங்கியது. அன்று ஆடும் அணிகள் இரண்டு, டுலூத்தும் நோட்ரே டேமும். ஆனால் பெட்டியில் இருந்தவர்களின் சட்டைகளில் குறைந்தது எட்டுப் பத்துக் கல்லூரிகளின் பெயர்கள். வடக்கு டகோட்டா, விஸ்கான்சின், பாஸ்டன், மெய்ன். வியாழக்கிழமை தோற்றுப்போன மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட் ரசிகர்களும் ஊர் திரும்பாமல் சிலர் தங்கிவிட்டிருந்தார்கள். மிச்சிகன் தோற்றது ஐந்து விநாடி மீதமிருக்கும்போது விழுந்த கோலில். அந்தத் துக்கத்தோடும் சட்டையை மாற்றாமல் வந்திருந்தார்கள். ஒருவரையொருவர் சட்டையைப் பார்த்து விசாரித்துக்கொண்டார்கள். நீங்கள் அந்த வருஷம் எங்கள் ஊருக்கு வந்தீர்களே, உங்கள் காவலர் இப்போது எங்கே ஆடுகிறார் என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதைப் போன்ற பேச்சு.

நம் பெரியவரும் மினசோட்டா சட்டைதான் போட்டிருந்தார். ஒரே பல்கலைக்கழகத்தின் கிளைகள் என்பதால் டுலூத்துக்கும் மினசோட்டாவுக்கும் நிறம் ஒன்றே, கருஞ்சிவப்பும் பொன்னிறமும். தூரத்திலிருந்து பார்த்தால் பங்காளி யார், பகையாளி யார் என்று தெரியாது. மகன் வராதபோது நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். சீட்டு வாங்கியபோது யார் ஆடுவார்கள் என்று தெரியாமல்தானே வாங்கினேன், தெரிந்த பிறகு வராமல் இருந்தால் அது நியாயமா என்றார்.

அரங்கத்தில் சுமார் 18,000 பேர் அமரலாம். உள்ளே நடைபாதைகளில் அந்த மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளின் ஹாக்கிச் சட்டைகளை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் பள்ளிச் சட்டையைத் தேடிக் கண்டுபிடித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார். எனக்கு முன்வரிசையில் டுலூத்திலிருந்து வந்த ஒரு கிழத் தம்பதி. 1984-இல் லேக் பிளாசிட் போயிருந்தார்களாம். திரும்பும் வழியில் முதல் காப்பிக் கடை வரும்வரை காரில் யாரும் வாய் திறக்கவில்லை, காப்பி குடித்ததும் அடுத்த வருஷம் டெட்ராய்ட் எப்படிப் போவது என்று பேசத் தொடங்கிவிட்டோம் என்று அந்த அம்மாள் சிரித்தார்.

ஆட்டத்தில் டுலூத் முதல் பகுதியிலேயே இரண்டு கோல் போட்டது. இரண்டாம் பகுதியில் நோட்ரே டேம் ஒன்றைத் திருப்பியது. மூன்றாம் பகுதி முழுவதும் அந்த அம்மாள் கணவரின் கையை விடவே இல்லை. 1984-ஐ நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. 2–1 என்று முடிந்தது. பிரெஞ்சுக்காரர் பெயர் கொண்ட ஊர், பிரெஞ்சுப் பாதிரியார் நிறுவிய பல்கலைக்கழகத்தை, இன்னொரு பிரெஞ்சுப் பாதிரியார் பெயரிட்ட நகரத்தில் வென்றது என்று நான் பெரியவரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். தன் அணியை வெளியே தள்ளிய அணிக்கு.

ஒரு விஷயம் விட்டுப்போனது. அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமை ஆட்டம் இல்லை. அன்று அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு ஹோபி பேக்கர் பெயரில் விருது தருகிறார்கள். 1981-இல் தொடங்கிய விருது. பேக்கர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். முதல் உலகப் போரில் பிரான்சில் விமானம் ஓட்டியவர். போர் முடிந்து சில வாரங்கள் கழித்து, 1918 டிசம்பரில், ஊர் திரும்பும் உத்தரவு வந்த பிறகு, தூல் என்ற இடத்தில் பழுது பார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விழுந்து இறந்தார். நம் கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னமும் அதே போரில் இங்கிருந்து போய்த் திரும்பாதவர்களுக்கானதுதான். பயணம் போன எல்லோரும் வீடு திரும்புவதில்லை. அந்த விருதின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

டுலூத் அணி அடுத்த வருஷமும், 2019-இல் பஃபலோ நகரில், மாசசூசெட்ஸ் அணியை 3–0 என்று வென்றது. 2020-இல் போட்டி டெட்ராய்ட்டில் நடக்க இருந்தது. மார்ச் மாதம் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021-இல் பிட்ஸ்பர்க்கில் நடத்தினார்கள், ஆனால் கொஞ்சம் பேரை மட்டுமே உள்ளே விட்டார்கள். டுலூத் அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் தோற்றது. அந்த ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வட்டு சுவரில் மோதும் சத்தம் அரங்கம் முழுக்க எதிரொலித்தது. அதுவரை அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கூட்டத்தின் குரல் அதை மூடியே வைத்திருந்தது.

இன்றைக்கு இந்த ரசிகர்களுக்கு ஒரு கவலை இருக்கிறது. நால்வரைத் தேர்ந்தெடுக்கும் முந்தைய சுற்றுகளின் தொடக்க ஆட்டங்கள் 1990-களின் ஆரம்பம் வரை கல்லூரிகளின் சொந்த அரங்கங்களிலேயே நடந்தன. பிறகு நடுநிலையான வேறு நகரங்களுக்கு மாற்றினார்கள். ஒரு அணிக்கு மட்டும் ஊர்க்கூட்டத்தின் பலம் கிடைக்கக் கூடாது என்பது அதற்கான நியாயம். ஆனால் யார் எங்கே ஆடுவார்கள் என்பது சில நாட்கள் முன்புதான் தெரியும். அதற்குள் விடுப்பு எடுத்து, அறை பிடித்து, நூற்றுக்கணக்கான கி.மீ. போவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. பாதி அரங்கம் காலியாக இருக்க, வருஷத்தின் மிக முக்கியமான ஆட்டங்கள் நடந்துவிடுகின்றன. மறுபடி கல்லூரி அரங்கங்களுக்கே கொண்டுவாருங்கள் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. பல வருஷமாக இந்த வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

கடைசிச் சுற்றோ வேறு திசையில் போகிறது. 2010-இல் டெட்ராய்ட்டில் ஒரு கால்பந்து அரங்கத்துக்குள் பனித்தரை போட்டு நடத்தினார்கள். பாஸ்டன் காலேஜ் விஸ்கான்சினை 5–0 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 37,592 பேர். பனியே விழாத டாம்பாவில் சில தடவை நடந்தது. 2026-க்கு லாஸ் வேகாஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹோட்டல் அறைகளை நிரப்பத் தொடங்கிய போட்டி, சுற்றிச் சுற்றி அமெரிக்காவிலேயே பெரிய ஹோட்டல் ஊருக்கு வந்து சேர்கிறது.

இதில் தவறு என்று நான் சொல்லவில்லை. டுலூத் போன்ற ஊர்க்காரர்களுக்கு ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் விமானக் கட்டணமும் அறை வாடகையும் ஏற ஏற, காரில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். அவர்கள் இடத்தில் பணம் உள்ளவர்கள் வருவார்கள், அரங்கம் நிறையும், வரவு செலவுக் கணக்கு சரியாக இருக்கும். அடுத்தவர் அணியின் பையன்களுக்கு எழுந்து நின்று கை தட்டும் பழக்கம் அந்தக் கணக்கில் எந்தத் தலைப்பிலும் வராது.

1948-இல் தேயர் டட் ஒரு போட்டியைத் தொடங்கினார். அதை ஒரு திருவிழா ஆக்கியவர்கள், பணம் கொடுத்து, தூரம் போய், பெரும்பாலும் தோற்றுத் திரும்பியவர்கள். பதினாறு அணிகள் தொடங்கும் இடத்தில் பதினைந்து அணிகளின் ரசிகர்கள் தோற்றுத்தான் போக வேண்டும். அப்படித் தோற்றவர்களும் மறுவருஷம் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதால்தான் ஜெயித்தவருக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நம் ஊரிலும் பிள்ளைகள் ஆடும் மைதானங்கள் இருக்கின்றன. சனி ஞாயிறுகளில் அந்தப் பக்கம் நடக்கிறவர்கள் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஆடுவது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன?